எண்ணெய் வாடை ஆகாத மாதங்கள்

“மண்ணெண்ணெய் வாடை உனக்கு ஒத்துக்குமா?”

ஆயுத அறைக்குப் பொறுப்பான பெண் சார்ஜன்ட் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது இதைத்தான். அதுவரை அவருக்கும் எனக்கும் ‘குட் மோர்னிங்’ தாண்டிப் பேச்சு இருந்ததில்லை. இரத்தினபுரி மாவட்டத்தில் ஒரு பொலிஸ் நிலையத்தில் நான் கான்ஸ்டபிள். தமிழில் முறைப்பாடு சொல்ல வருகிறவர்களிடம் கேட்டு எழுதுவது என் வேலை. நிலையத்தில் தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். அவர் கேகாலைப் பக்கத்துச் சிங்களப் பெண். என்னைவிட இரண்டோ மூன்றோ வயது மூத்தவர். எங்களுக்குள் எல்லாப் பேச்சும் சிங்களத்தில்தான் நடந்தது, இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“தோட்டத்துல மண்ணெண்ணெய் அடுப்புப் பக்கத்துலதான் வளந்தேன் சார்ஜன்ட்,” என்றேன்.

“அப்படின்னா நீதான் எனக்கு வேணும். எந்திரிச்சு வா.”

அவர் முன்னால் நடந்தார். கையில் ஒரு எலுமிச்சம்பழம். நடக்க நடக்க அதை நகத்தால் கீறி மூக்கில் வைத்துக்கொண்டார். ஆயுத அறை வாசலில் சாவியை என் கையில் தந்துவிட்டு, தான் உள்ளே வராமல் வெளியே ஜன்னலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“நாலாம் மாசம்,” என்றார் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “துவக்கு துடைக்கிற எண்ணெய் வாடை பட்டா காலையில குடிச்ச தேத்தண்ணி வெளிய வந்துடுது. ஒருத்தருக்கும் சொல்லாத. நிலையப் பெரியவருக்கு மட்டும் சொல்லியிருக்கேன்.”

அப்படித்தான் நான் ஆயுத அறைக்குள் போனேன்.

எங்கள் பக்கத்தில் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. சுவரில் பச்சை பிடிக்கும், சப்பாத்தில் பூஞ்சணம் பிடிக்கும், இரும்பு இரண்டு நாள் கவனிப்பில்லாமல் கிடந்தால் செம்மண் நிறமாகிவிடும். அதனால் அந்த அறையில் வேலைக்குக் குறைவே இல்லை. மற்ற ஆயுதங்களை நான் ஏதோ கடமைக்குத் துடைத்து வைப்பேன். ஆனால் மூலையில் ஒரு மரப்பெட்டிக்குள், ஈரம் பிடிக்காமல் இருக்க எந்நேரமும் எரியும் ஒரு சின்ன பல்புக்குப் பக்கத்தில், பழைய ரைபிள் ஒன்று இருந்தது. பொயின்ட் டூ டூ. போட்டிகளில் சுடுவதற்கான மெல்லிய ரைபிள். ஒவ்வொரு ரவைக்கும் போல்ட்டைக் கையால் தூக்கிப் பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் தள்ளி மூட வேண்டும். அது சார்ஜன்டின் உயிர். எங்கள் பிரிவுப் பெண் பொலிஸாரில் நன்றாகச் சுடுகிறவர் அவர்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“பெட்டிய மெதுவாத் திற. மொதல்ல என்ன பாக்கணும்?”

“உள்ள ரவை இருக்கான்னு.”

“கண்ணால பாத்தா போதுமா?”

“விரலையும் விட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல.”

“சரி. இப்ப போல்ட்டக் கழட்டு.”

போல்ட் என் உள்ளங்கைக்கு வந்தது. வெள்ளரிப் பிஞ்சு அளவு இரும்பு, எதிர்பார்த்ததைவிடக் கனம். அதைத் துணியில் வைத்துவிட்டு, கம்பியில் பித்தளை பிரஷை மாட்டி, பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் விட்டேன். எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான். முன்வாயில் ஒரு கீறல் விழுந்தாலும் ரவை வெளியே போகும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. பிரஷுக்குப் பிறகு ஒரு துணித் துண்டை மண்ணெண்ணெயில் நனைத்து விட்டேன், கன்னங்கரேலென்று வந்தது. இன்னொன்று சாம்பல் நிறத்தில் வந்தது. அதற்கடுத்தது வெளுத்திருந்தது, ஜன்னல் பக்கம் திரும்பி ‘சுத்தம்’ என்றேன். பிறகு காய்ந்த துணியாக இன்னொன்றையும் எடுத்து விட்டுப் பார்த்தேன்.

“எதுக்கு இன்னொண்ணு? சுத்தமா வந்துடுச்சுன்னு சொன்னியே?”

“சும்மாத்தான் சார்ஜன்ட். மனசு கேக்கல.”

ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சம்பழத்தை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“இப்ப வெளிச்சத்தப் பாத்துத் தூக்கிப் பிடி. உள்ள எப்படி இருக்கு?”

தூக்கிப் பார்த்தேன். குழலுக்குள் வரிகள் முறுக்கிக்கொண்டு ஓடின. கோயில் தேருக்குக் கட்டும் முறுக்குக் கயிறு வெள்ளியில் இருந்தால் அப்படித்தான் இருக்கும். மறுமுனையில் வட்டமாகப் பலாமரத்து இலை ஒன்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. ஒரு சட்டியைத் தேய்த்துப் பளபளவென்று வைத்தால் வருமே ஒரு திருப்தி, அதுபோல.

“அழகா இருக்கு,” என்றேன்.

“அழகாத்தான் இருக்கும். என் நங்கி அது,” என்றார். தங்கச்சி என்கிறார், துப்பாக்கியை.

அதற்குப் பிறகு வாரம் ஒன்றிரண்டு முறை இப்படியே நடந்தது. நான் உள்ளே, அவர் வெளியே. அவர் வாந்தியையும் மாமியாரையும் பற்றிச் சொல்வார். கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்யும் கணவர் சனிக்கிழமை பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போன கதையைச் சொல்வார். நான் தோட்டத்துக் கதைகளைச் சொல்வேன். எப்போது ‘சார்ஜன்ட்’ போய் ‘அக்கே’ வந்தது என்று நினைவில்லை.

ஒரு காலை நிலையப் பொறுப்பதிகாரி ஆயுத அறைப் பக்கம் வந்தார். மாகாணப் பெண் பொலிஸாருக்கான சுடும் போட்டி வரப்போகிறது, இந்த வருஷம் நம் நிலையத்திலிருந்து பெயர் கொடுக்க வேண்டாம்தானே என்று சார்ஜன்டிடம் கேட்டார்.

“குடுங்க சேர். இவ பேரக் குடுங்க.”

நான் போல்ட்டைக் கீழே போடாமல் இருந்தது பெரிய காரியம். பயிற்சிக் கல்லூரியில் நான் எப்படிச் சுட்டேன் என்று என்னோடு பயின்றவர்களைக் கேட்டால் தெரியும். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சுடுகிறவளுக்கு எதற்கு இலக்கு என்று பயிற்றுநர் கேட்ட கேள்விக்கு எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரி போனதும் அதைச் சொன்னேன்.

“எனக்கும் தெரியும்,” என்றார் சார்ஜன்ட். “ஆனா இது குப்புறப் படுத்துச் சுடற போட்டி. என்னால குப்புறப் படுக்க ஏலாது. உள்ள இருக்கறவர் உதைப்பாரு. வேற யார அனுப்ப? எல்லாரும் அவசரக்காரங்க. நீதான் துணி வெளுத்து வந்தப்புறமும் இன்னொண்ணு விட்டுப் பாக்கற ஆளு.”

“அது சுத்தம் பண்றது அக்கே. இது சுடறது.”

“ரெண்டும் ஒரே பொறுமைதான். போய்ப் பாரு, புடிக்கலன்னா வுட்டுடு.”

போய்ப் பார்த்தேன். படை முகாமொன்றின் சுடும் திடலில் எங்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பாயில் குப்புறப் படுத்து, ரைபிளைத் தோளில் பொருத்தியபோது பழையபடி கண் தானாக மூடியது. ஆனால் போல்ட்டைத் தூக்கி இழுத்து, ரவையை வைத்து மூடியதும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. இந்த இரும்புக்குள் என்னென்ன இருக்கிறது, எது எதைத் தள்ளுகிறது, எங்கே சுருள்வில், எங்கே ஊசி எல்லாம் என் விரலுக்குத் தெரியும். பயிற்சிக் கல்லூரியில் தந்த துப்பாக்கி எனக்கு ஒரு பூதம். இது நான் துடைத்துத் துடைத்து வைத்த பொருள். வெடிச் சத்தமும் பெரிதாக இல்லை. பக்கத்து வீட்டில் கதவை அறைந்து சாத்தியதுபோல. முதல் முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு சுட்டேன். கருப்பு வட்டத்துக்குள் விழுந்தது. நடுவில் இல்லை, ஓரத்தில்தான். போதும், எனக்கு அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

என் அம்மா நிவித்திகலப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறார். தொலைபேசியில் இதைச் சொன்னபோது அம்மா துப்பாக்கிப் பக்கமே வரவில்லை.

“அந்த சார்ஜன்ட் புள்ளைக்கு எத்தனாவது மாசம்?”

“ஏழு ஆரம்பிச்சிருச்சும்மா.”

“தலப்புள்ளையா? வளையல் போட்டாங்களா?”

“அவங்க சிங்களவங்கம்மா. நம்மளாட்டம் வளைகாப்புப் பழக்கம் இல்ல.”

“பழக்கம் இல்லாட்டி என்ன, கை இருக்குதில்ல? ஞாயித்துக்கெழம கூட்டிக்கிட்டு வா.”

மறுப்பார் என்று நினைத்துத் தயங்கித் தயங்கித்தான் சார்ஜன்டிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. “சாப்பாடு உண்டா?”

ஞாயிற்றுக்கிழமை முச்சக்கர வண்டி தேயிலை ஸ்டோர் வரைக்கும்தான் ஏறியது. அதற்கு மேல் பாதை கிடங்கும் பள்ளமுமாக இருந்ததால் மெதுவாக நடந்து ஏறினோம். அம்மா இருக்கும் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. வாசலில் கோலம் போட்டு, ஒரு கதிரையில் அம்மாவின் கல்யாணச் சேலையை விரித்து வைத்திருந்தார்கள். சார்ஜன்ட் அதில் உட்கார மாட்டேன் என்றார், சேலை கசங்கிவிடுமாம். “கசங்கத்தான் விரிச்சிருக்கு, உக்காருங்க புள்ள,” என்று அம்மா தோளைப் பிடித்து உட்கார வைத்தார். எங்கள் தோட்டத்தில் கொஞ்சமாவது சிங்களம் பேசாதவர் இல்லை. அதனால் பேச்சுக்குத் தடை இருக்கவில்லை. அம்மாவின் சிங்களத்தில் மரியாதைச் சொற்கள் மட்டும் தமிழில் வரும்.

சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பெண்கள் ஒவ்வொருவராக வந்து பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களைப் போட்டார்கள். அக்கம்பக்கத்து அத்தைமார் கும்மிப் பாட்டைத் தொடங்க, பாதியில் வரி மறந்து, ஆளுக்கொரு வரியாகச் சொந்தமாகக் கட்டிப் பாடினார்கள். பிறக்கப் போகிற பிள்ளை இன்ஸ்பெக்டர் ஆகுமாம், தோட்டத்துப் பாதையைப் போட்டுத் தருமாம். நான் சிங்களத்தில் மாற்றிச் சொல்லச் சொல்ல, சார்ஜன்ட் பாதையைப் பற்றிய வரிக்குக் கை தட்டினார். முழங்கை வரைக்கும் வளையல். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு எல்லாவற்றையும் சாப்பிட்டார். புளிச்சோற்றை மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார். இத்தனை மாதத்தில் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, “சரி, எங்க பயிற்சி?” என்றார்.

“இங்கயா? இன்னைக்கா?”

“அடுத்த கெழம போட்டி. படு கீழ.”

காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக் களத்தில் ஒரு சாக்கை விரித்தார்கள். ஓர் அத்தை கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை மடித்து என் முழங்கைக்கு அடியில் வைத்தார். ரைபிளுக்குப் பதிலாகக் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்று. அரைப் பாவாடைச் சிறுமிகள் முதல் வெற்றிலை போடும் கிழவிகள் வரைக்கும் சுற்றி நிற்க, நான் பொலிஸ் உத்தியோகத்தர், குப்புறப் படுத்துக் குச்சியைத் தோளில் வைத்துக் குறி பார்த்தேன்.

“என்னடி, மண்ணுல எறும்பு எண்ணுறியா?” என்றார் அத்தை.

“இப்புடித்தான் சுடுவாங்களாம்,” என்றார் அம்மா.

“படுத்துக்கிட்டா? நின்னு சுடத் தெரியாதா?”

சார்ஜன்ட் தன் கையிலிருந்து ஒரு பச்சை வளையலைக் கழற்றிக் குச்சியின் நுனியில் தொங்கவிட்டார். “இது ஆடக் கூடாது. மூச்ச உள்ள இழு. பாதி விடு. நிப்பாட்டு.”

வளையல் முதலில் ஊஞ்சல்போல ஆடியது. எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி மூச்சை இழுத்துப் பாதி விட்டேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. அம்மாகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது ஓரக்கண்ணில் தெரிந்தது. வளையல் நின்றது. கண்ணாடிக்குள் வெயில் நிலைத்து நின்றது. யாரோ “அடியே, நிக்குதுடி,” என்று ரகசியமாகச் சொன்னார்கள். சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்து, வளையல் சாக்கில் விழுந்தது. உடையவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் ரைபிளை முழுதாகச் சுத்தம் செய்தேன். சுடுவதற்கு முன்னால் குழல் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் முதல் சில ரவைகள் இஷ்டத்துக்குப் போகும். அதனால் கடைசித் துணியைக் காய்ந்ததாக விட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சார்ஜன்டிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் திடலில் பனி விலகிக்கொண்டிருந்தது. பல நிலையங்களிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். சிலரிடம் புத்தம் புதிய ரைபிள்கள். ஒருத்தி தோல் கையுறை போட்டிருந்தாள். சார்ஜன்ட் பின்னால் பார்வையாளர் பகுதியில், குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுடும் கோட்டில் இருக்கிறவர்களோடு யாரும் பேசக் கூடாது என்பது விதி.

போட்டிக்கு முன்பாக ஒத்திகைச் சூட்டுக்குக் கொஞ்ச நேரம் தருவார்கள். அதில் விழுவது கணக்கில் சேராது. முதல் ரவையைச் சுட்டுவிட்டுத் தொலைநோக்கியில் பார்த்தேன். கருப்பு வட்டத்திலேயே இல்லை. வெள்ளையில், மேலே ஒரு மூலையில். இரண்டாவது இடது பக்கம். மூன்றாவது எங்கே என்று தேடினேன். தாளின் விளிம்பைக் கடித்துக்கொண்டு போயிருந்தது. பழைய பயிற்சிக் கல்லூரிச் சிரிப்பெல்லாம் காதில் கேட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

பிறகு, நான் அசையவில்லையே என்று தோன்றியது. மூச்சும் சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் என்னிடம் கோளாறில்லை. போல்ட்டை முழுதாக இழுத்து, குனிந்து முகர்ந்தேன். மூக்குக்கு நேராகக் குப்பென்று ஒரு வாடை வந்தது.

எண்ணெய். புது எண்ணெய்.

திரும்பிப் பின்னால் பார்த்தேன். சார்ஜன்ட் குடையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால் கோபம் வரவில்லை; பயமும் போய்விட்டது. கோளாறு குழலில் என்றால் அது எனக்குத் தெரிந்த வேலை.

கையைத் தூக்கினேன். திடல் அதிகாரி வந்து குனிந்தார்.

“என்ன?”

“குழல்ல எண்ணெய் இருக்கு சேர். துணி விட அனுமதி வேணும்.”

“விடலாம். ஆனா கடிகாரம் நிக்காது.”

“பரவாயில்ல சேர்.”

போல்ட்டைக் கழற்றி, கம்பியை எடுத்து, பின்பக்கத்திலிருந்து ஒரு காய்ந்த துணியை விட்டேன். மஞ்சளாக, நனைந்து, சொட்டச் சொட்ட வந்தது. பக்கத்துப் பாயிலிருந்த கையுறைக்காரி அதை ஓரக்கண்ணால் பார்த்து, தன் பெட்டியிலிருந்து நாலைந்து சுத்தத் துணிகளை எடுத்து ஒன்றும் பேசாமல் என் பக்கம் தள்ளிவைத்தாள். அவற்றிலும் சிலவற்றை விட்டேன். கடைசியில் வெளுத்து வந்தது. மனசு கேட்காமல் இன்னொன்றும் விட்டேன். அவசரப்படவில்லை, அவசரப்பட முடியவும் இல்லை, கை பழகிய வேகத்தில்தான் போனது. போல்ட்டை மாட்டி மறுபடி சுட்டேன். வட்டத்துக்குள் வந்தது. அடுத்தது இன்னும் கிட்ட. அதற்கடுத்தது நடுவில் விழுந்த கொஞ்ச நேரத்தில் ஒத்திகை முடிந்து மணி அடித்தது.

அதன் பிறகு நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. போல்ட்டைத் தூக்கி, இழுத்து, ரவையை வைத்து, மூடி, மூச்சை இழுத்துப் பாதி விட்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாக. எழுந்தபோது முழங்கை மரத்திருந்தது. கையுறைக்காரிக்குத்தான் முதலிடம், அவள் பெயரைச் சொன்னபோது என் பெயர் வந்ததுபோலக் கை தட்டினேன். மூன்றாவதாக என் பெயரைச் சொன்னார்கள். உச்சரிப்பு பிழைபட்டதால் முதலில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். அவள்தான் என் முதுகில் தட்டி முன்னால் தள்ளினாள். கையடக்கமான ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார்கள்.

சார்ஜன்ட் என்னிடம் வந்து சேரும்போதே கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“நான்தான் செஞ்சேன், நங்கி.”

“தெரியும் அக்கே.”

“நேத்து நீ போனப்புறம் பெட்டியப் பூட்டியிருக்கான்னு பாக்கப் போனேன். வாடை அடிச்சுச்சு. ஆனா வயித்தப் பெரட்டல. இத்தன மாசத்துக்கு அப்பறம் மொத தடவ. அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. போட்டிக்கு முன்னாடி நானும் என் கையால ஏதாவது செய்யணும்னு எண்ணெயப் போட்டேன். காய்ஞ்சிருக்கணும்னு உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். அதக்கூட மறந்துட்டு, கொஞ்சம் கூடவே போட்டுட்டேன்.”

“கொஞ்சமா? பணியாரம் சுடலாம் அக்கே அதுல.”

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளில் சாய்ந்தார். உள்ளே இருந்தவர் உதைத்தது என் கைக்கே தெரிந்தது. திடலில் நின்றவர்கள் எங்களைப் பார்த்து, கிண்ணம் வாங்கியது யார் என்று குழம்பியிருப்பார்கள்.

புறப்படுவதற்கு முன் ஜீப்பின் பின்கதவை இறக்கி, அதன்மேல் துணி விரித்து ரைபிளைச் சுத்தம் செய்தோம். அன்று கம்பியைப் பிடித்தது அவர். நான் பக்கத்தில் நின்று, உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய்த் துண்டுகளை அவர் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவர் கை முழுக்கக் கரி. கையுறைக்காரி மீதித் துணிகளைத் திருப்பி வாங்க வந்து, அவளும் நின்று மாங்காய் தின்றாள். தன் ரைபிளில் ஈயம் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்கிறது என்றாள். “கொண்டா பாப்போம்,” என்றார் சார்ஜன்ட். அதையும் கழற்றினோம்.

வழியில் அம்மாவைக் கூப்பிட்டு மூன்றாமிடம் என்றேன்.

“மூணாவதா? கிண்ணம் பெருசா?”

“சின்னதுதாம்மா.”

“சின்னதுன்னா என்ன. எடுத்துக்கிட்டு வா, சாமிப் படத்துக்கிட்ட வெப்போம். அந்தப் புள்ள சாப்புட்டுச்சா?”

குழந்தை பிறந்தது பெண். இன்ஸ்பெக்டர் ஆவாளா தெரியாது. இப்போதைக்கு என் தொப்பியைக் கண்டால் பிடுங்கி வாயில் வைக்கிறாள். சார்ஜன்ட் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டார். போன வாரம் மறுபடி போட்டிக்குப் பெயர் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். “ரெண்டு பேரும் போகலாமா சேர்?” என்று ஒரே நேரத்தில் கேட்டுவிட்டோம். அதிகாரி, இருப்பது ஒரு ரைபிள்தானே என்றார். கையுறைக்காரியின் நிலையத்தில் ஒன்று மிச்சமாக இருக்கிறது, கேட்டால் தருவார்கள் என்று சொல்லியிருக்கிறோம். அவர்களும் சரி என்றுவிட்டார்கள், அதை எடுத்துவர நாளைக்கு ஜீப்பில் போகிறோம்.